படத்தில் என் நண்பராக இருந்த டைலர் காக்கா

செய்தி வந்தபோது நான் கிணற்றடியில் பல் துலக்கிக்கொண்டு நின்றேன். மனைவி போனைக் கொண்டுவந்து காதில் வைத்தாள். தெரியாத இலக்கம்.

"மனேச்சர் மாமாவா? நான் காத்தான்குடி டைலர்ட மகன் ரியாஸ். வாப்பா சுபஹுத் தொழுகைக்குப் பிறகு மௌத்தாயிட்டாரு. லுஹர் தொழுகையோட அடக்கம் மாமா."

வாய் நிறைய நுரை. "ஓம் மகன், வாறன்" என்று சொன்னேனா, சொல்ல நினைத்தேனா என்று இப்போதும் நிச்சயமில்லை. அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.

நான் முகம் கழுவி முடிப்பதற்குள் மற்ற அழைப்புகள் தொடங்கிவிட்டன. கொழும்பிலிருந்து ஒருவர், கனடாவிலிருந்து மருமகன், என்றோ ஒரு கூட்டத்தில் கைகொடுத்த ஒரு பாதிரியார். எல்லோரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். "உங்கட உயிர்ச் சிநேகிதன் போயிட்டாரே, எப்பிடித் தாங்கப் போறீங்க" என்றார்கள். மகள் தன் போனில் ஒரு போட்டோவைக் காட்டினாள். நீலத் தோணியில் நானும் டைலர் காக்காவும் தோளில் கைபோட்டபடி இருக்கிறோம். கீழே 'மதங்களைக் கடந்த நட்பு' என்று யாரோ எழுதி, அதன் கீழே நூறு பேர் அழுதிருந்தார்கள். என் கையை எடுத்து அவர் தோளில் போட்டவர் எங்களை வைத்து ஆவணப்படம் எடுத்த டைரக்டர். அதற்கு முன்னும் பின்னும் அந்தத் தோளை நான் தொட்டதில்லை.

இந்த நினைவு மலருக்கு எழுதக் கேட்டவர்களும் "படத்தில் வந்த நண்பர் என்ற முறையில்" என்றுதான் கேட்டார்கள். ஓம் என்று சொல்லிவிட்டேன். அவசரப்பட்டு ஓம் சொல்வது என் பிறவிக் குணம். அதனால் வந்த வினையைத்தான் இனி நீங்கள் வாசிக்கப் போகிறீர்கள். முகம்மது இஸ்மாயில் என்ற டைலர் காக்காவை அறிந்தவர்களே, அந்தப் படத்தைப் பார்த்து எங்கள் இருவரையும் அறிந்தவர்களே, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் நண்பர்களா என்று எனக்குத் தெரியாது. பணிவுக்காகச் சொல்லவில்லை. கடைசி எட்டு வருடமாக அவர் என்னோடு ஒழுங்காகப் பேசவில்லை.

என் ஊர் காத்தான்குடிக்கு அடுத்த தமிழ் ஊர். முன்னால் கடல், பின்னால் வாவி. நான் அங்கே கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தேன். சுனாமி கடையைத் தூக்கிக்கொண்டு போனது. என் தங்கச்சியையும் கொண்டுபோனது. காத்தான்குடிக் கடற்கரைத் தெருவில் இருந்த டைலர் காக்காவின் வீடும் தையல் மெசினும் போயின. அவருடைய உம்மாவும் போனார். அவர் என்னைவிட மூன்று வயது மூத்தவர், முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல எனக்கும் 'காக்கா'. அதுவரை நாங்கள் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு வீதிதான் இருந்தது என்றாலும், தொண்ணூறாம் ஆண்டுக் கொலைகளுக்குப் பிறகு அந்த வீதி நீளமாகிவிட்டது. இங்கே உள்ளவர்களுக்கு அதை நான் விளக்கத் தேவையில்லை.

சுனாமிக்குப் பிறகு உதவி தர வந்தவர்கள் எல்லோரும் மீன்பிடிகாரரைத்தான் தேடினார்கள். கடல் அடித்தது என்றால் மீனவனுக்குத்தானே அடித்திருக்கும் என்று வெளிநாட்டில் நினைத்திருக்கிறார்கள். சங்கக்கடை மனேச்சருக்கு ஒரு விண்ணப்பப் படிவமும் இல்லை. எனவே 'தொழில்' என்ற கோட்டுக்கு மேலே 'மீன்பிடி' என்று எழுதினேன். என் தெருவில் சலூன் வைத்திருந்தவரும் அப்படித்தான் எழுதினார். கோயில் மேளகாரரும் அப்படித்தான் எழுதினார். ஒரு நிறுவனம் தோணி கொடுத்தது, ஆனால் ஒரு நிபந்தனை. இரண்டு பேருக்கு ஒரு தோணி, ஒருவர் தமிழர், ஒருவர் முஸ்லிம். சேர்ந்து தொழில் செய்தால் சமாதானம் வரும் என்பது அவர்கள் கணக்கு. பட்டியலில் என் பெயருக்கு எதிரே எம். இஸ்மாயில் என்று இருந்தது.

வாவிக் கரையில் புத்தம் புதிய நீல பைபர் தோணி. அதன் ஒரு பக்கம் நான், மறுபக்கம் வெள்ளைத் தொப்பி போட்ட ஒல்லியான மனிதர். அதிகாரிகள் கைதட்டிவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நீங்க முன்னுக்கு ஏறுங்க காக்கா" என்றேன்.

"இல்லல்ல, நீங்க ஏறுங்க. உங்களுக்குத்தானே வாவி பழக்கம்."

எனக்குப் பழக்கம் என்று இவருக்கு யார் சொன்னது என்று யோசித்துக்கொண்டே ஏறினேன். அவரும் ஏறினார். ஆளுக்கொரு துடுப்பு. கரையிலிருந்து கொஞ்சத் தூரம் போனதும் தோணி கிறுகிச் சுற்றத் தொடங்கியது. வலப்பக்கமாக ஒரு சுற்று, பிறகு இடப்பக்கமாக ஒன்று. அதிகாரிகளின் வாகனம் போய் மறைந்தபிறகு அவர் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"உண்மையச் சொல்லுங்க. உங்களுக்கு மீன் பிடிக்கத் தெரியுமா?"

"தெரியாது. உங்களுக்கு?"

"நான் டைலர்."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "சிரிக்காதீங்க. ரெண்டு பேரும் பொய் சொல்லிட்டம். தோணியத் திருப்பி எடுத்துட்டா என்ன செய்யிற?" என்றார். பிறகு, "நீங்க என்ன வேல?" என்றார். சொன்னேன். அன்றிலிருந்து நான் அவருக்கு 'மனேச்சர்'. கடைசிவரை என் பெயரை அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

அப்படித்தான் சேர்ந்தோம். நட்பு என்று ஒன்றும் இல்லை, பிடிபடாமல் இருக்க வேண்டும் என்பதுதான். செவ்வாய்க்கிழமைகளில் ஒரு அதிகாரி பார்க்க வருவார், அன்று நாங்கள் தண்ணீரில் நிற்க வேண்டும். மற்றத் தோணிகளைப் பார்த்து வலை வீசப் பழகினோம். காக்கா வீசிய முதல் வலை அழகாக விரிந்து என் தலையில் விழுந்தது. நான் உள்ளே கிடந்து திணறுகிறேன், அவர் கரைப்பக்கம் திரும்பி, "ஒண்டு அம்பிட்டிரிக்கி" என்று சத்தமாகச் சொன்னார். வலை கிழிந்தால் தைப்பதும் அவர்தான். சட்டைக்குத் தையல் போடுவதுபோல நெருக்கி நெருக்கித் தைத்துவிடுவார். தைத்த இடத்தில் ஒரு பொடி இறால்கூட வெளியே போகாது, ஆனால் வலை தண்ணீரில் தாழவும் மாட்டாது. அவரிடம் சொன்னால், "தையல் பிரிஞ்சிதெண்டு ஒருத்தரும் எனக்கிட்டத் திரும்பி வந்ததில்ல மனேச்சர்" என்பார். அதில் அவருக்குப் பெரிய கௌரவம்.

மெல்ல மெல்லத் தொழில் பிடிபட்டது. யப்பான் மீன், இறால், காலம் வாய்த்தால் நண்டு. குடும்பம் ஓடியது. நோன்பு மாதத்தில் அவர் பச்சைத் தண்ணீர் இல்லாமல் துடுப்பு வலிப்பார். அவருக்கு முன்னால் சாப்பிடக் கூச்சப்பட்டு நான் முதுகைக் காட்டிக்கொண்டு சோற்றுப் பார்சலை அவிழ்ப்பேன். "திரும்பி இருந்து தின்னாதீங்க. நீங்க திரும்பினாலும் மணம் திரும்பாது" என்றார் ஒருநாள். அவர் பேச்சு அப்படித்தான். பகிடியா, கோபமா என்று பிடிக்க முடியாது. நான் நேராக இருந்து சாப்பிட்டேன். பிறகு அதுவும் சங்கடமாக இருந்தது.

வாவிக்கு அப்பால் படுவான்கரைப் பக்கம் சண்டை நடந்த வருடம் அது. வாவிக்கு மேலால் ஷெல் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் தோணியைக் கண்டல் பற்றைக்குள் செருகிவிட்டுக் குனிந்திருந்தோம். பயத்தில் நான் தேவாரம் முணுமுணுத்தேன், அவர் ஏதோ ஓதினார். சத்தம் ஓய்ந்தபோது அவர் என்னைப் பாராமலே பேசத் தொடங்கினார். தொண்ணூறில் அவருடைய தம்பி நவாஸ் துணிக்கட்டு எடுத்துவர சைக்கிளில் டவுனுக்குப் போயிருக்கிறான். போனது எங்கள் ஊர் வீதியால். திரும்பி வரவில்லை. அவன் போட்டிருந்த சட்டை காக்கா தைத்தது. ஒரே நிற பட்டன் போதாமல் மேல் பட்டனை மட்டும் வேறு நிறத்தில் வைத்திருக்கிறார். அதைச் சொல்லும்போதுதான் குரல் மாறியது.

"உங்கட ஊராக்கள் ஆரும் கண்டிருப்பாங்களா மனேச்சர்?"

"தெரியாது காக்கா" என்றேன். அது உண்மை. என் மச்சான் ஒருவரும் அதே மாதம் வயலுக்குப் போய் வரவில்லை என்று சொன்னேன். "கிடைச்சாரா?" என்று கேட்டார். மூன்றாம் நாள் கண்டெடுத்தோம் என்றேன். "அப்ப உங்களுக்கு முடிஞ்சிது" என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஒரு மனிதனின் சாவை இப்படியா சொல்வது? ஆனால் அவர் அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை என்று பிறகு தோன்றியது. அவர் சொன்ன விதத்தில் கொஞ்சம் பொறாமைகூட இருந்ததோ என்று இப்போது நினைக்கிறேன். அதன் பிறகு அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை.

யுத்தம் முடிந்த அன்றும் நாங்கள் தண்ணீரில்தான் இருந்தோம். டவுன் பக்கம் வெடிச் சத்தம். முதலில் ஷெல் என்று பயந்தேன், பிறகு பட்டாசு என்று விளங்கியது. தங்கச்சியின் மகன் அப்போது வன்னியில் இருந்தான். மூன்று மாதமாகச் செய்தி இல்லை. நான் வலையைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். காக்கா இரண்டு துடுப்பையும் தானே எடுத்துக்கொண்டு கரைக்கு வலித்தார். பாதித் தூரத்தில், "எங்கட ஊரிலயும் கொளுத்துறாங்க மனேச்சர். நான் கொளுத்தல்ல. ஆனா எனக்குச் சந்தோசமில்லண்டும் சொல்ல மாட்டன்" என்றார்.

அன்றைக்கு அவரை வாவியில் தள்ளிவிட வேண்டும்போல இருந்தது. வேறு யாராக இருந்தாலும் எனக்கு ஆறுதலாக ஒரு பொய் சொல்லியிருப்பார்கள். அந்த மருமகன் நான்கு மாதம் கழித்து ஒரு முகாமிலிருந்து வந்து சேர்ந்தான். நான் சொன்னதும் காக்கா தன் வீட்டிலிருந்து ஒரு சேர்ட் தைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். அளவு எடுக்கவில்லை, என்னைப் பார்த்து உத்தேசமாகத் தைத்திருந்தார். பையன் எலும்பும் தோலுமாக இருந்ததால் அது தொளதொளவென்று தொங்கியது. "போடப் போட நிரம்பும்" என்றார். நிரம்பியது.

அடுத்த வருடம் படம் எடுக்க வந்தார்கள்.

தோணி கொடுத்த நிறுவனம்தான் அனுப்பியது. கொழும்புத் தம்பி ஒருவர் டைரக்டர். நல்ல பிள்ளை, குறை சொல்ல மாட்டேன். நாடு முழுக்க மனம் உடைந்து கிடக்கிறது, இரண்டு ஏழை மீனவர்களின் நட்பைக் காட்டினால் பார்ப்பவருக்குத் தெம்பு வரும் என்றார். 'மீனவர்' என்றதும் நானும் காக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பொய் தொடங்கி ஐந்து வருடம். இனி எப்படி வாபஸ் வாங்குவது? எட்டு நாள் எடுத்தார்கள். ஒரே சஹனில் சாப்பிட வைத்தார்கள். நான் அதற்கு முன் பெரிய தட்டைச் சுற்றியிருந்து பலரோடு கைபோட்டுச் சாப்பிட்டதில்லை. தயங்கினேன். "கமராவுக்குப் பசிக்காது, நீங்க தின்னுங்க" என்று காக்கா கோழித் துண்டு ஒன்றை என் பக்கம் தள்ளினார். அது நடிப்பில்லை. படத்திலும் அது இருக்கிறது. சனங்கள் அந்த இடத்தில் சிரிப்பார்கள்.

ஆறாம் நாள் தேத்தண்ணிக் கடையில் டைரக்டர் தம்பி சோர்ந்துபோய் இருந்தார். எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் மனதைத் தொடவில்லை, ஏதாவது கவலையான விசயம் உங்களுக்குள் இல்லையா அங்கிள் என்று என்னிடம் கேட்டார். காக்கா தொழுகைக்குப் போயிருந்தார். எனக்கு அந்த ஆறு நாளும் தலை கொஞ்சம் வீங்கியிருந்தது. தெருவில் பிள்ளைகள் கைகாட்டினார்கள். சங்கக்கடையில் இருபத்திரண்டு வருடம் இருந்தும் என்னை யாரும் எதுவும் இப்படி ஆர்வமாகக் கேட்டதில்லை. சொல்லிவிட்டேன். காக்காவின் தம்பி நவாஸ், சைக்கிள், துணிக்கட்டு, வேறு நிறப் பட்டன் எல்லாம் சொல்லிவிட்டேன்.

மறுநாள் தோணியில் கமரா எங்களுக்கு நேரே இருந்தது. டைரக்டர் மென்மையான குரலில் காக்காவைக் கேட்டார். "உங்க தம்பிய இவங்க ஊர் றோட்டுல வச்சுக் கொன்னாங்க. இன்னைக்கு நீங்க இவரோட ஒரே போட்ல இருக்கீங்க. மன்னிச்சிட்டீங்களா அங்கிள்?"

காக்கா கமராவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். படம் பார்த்தவர்களுக்கு அந்த இடம் தெரியும். மிக நீண்ட நேரம். தண்ணீர் தோணியில் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்கும். பிறகு "மன்னிச்சிட்டன்" என்றார். டைரக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, "நீங்க அங்கிள்?" என்றார். அவர் கேட்டு முடிப்பதற்குள் நான் "நானும் மன்னிச்சிட்டன்" என்றேன். யாரை, எதற்காக? எனக்கே தெரியாது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பெயர் கூப்பிட்டால் 'உள்ளேன் ஐயா' என்பதுபோல வந்தது.

கரைக்கு வந்ததும் காக்கா தோணியைக் கட்டினார். முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார்.

"மனேச்சர், மன்னிக்கிறண்டா அவன் மௌத்தாயிட்டாண்டுதானே அர்த்தம். இருவது வருசமா எங்கட வீட்ட அந்தச் சொல்ல ஒருத்தரும் சொன்னதில்ல. உம்மாவும் சொல்லாமத்தான் போனா. இண்டைக்கு உங்கட படத்துக்காக நான் அவன மௌத்தாக்கிட்டன்."

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். டைரக்டர்தான் நச்சரித்தார் என்று சொல்ல வாய் எடுத்தேன், அதற்குள் அவர் நடந்துவிட்டார். அதன் பிறகு தோணிக்கு வரவில்லை. மீதி ஒரு நாள் படப்பிடிப்பை என்னை வைத்தே முடித்தார்கள்.

டவுன் மண்டபத்தில் படத்தைப் போட்டபோது சனம் நின்றுகொண்டு பார்த்தது. அழுதார்கள், கைதட்டினார்கள். ஒரு அம்மா வந்து என் கையைப் பிடித்து, "இதைப் பாத்த பிறகுதான் மகன், மனிசர்ல ஒரு நம்பிக்க வந்தது" என்றார். அது பொய்யில்லை, அவருக்கு உண்மையாகவே வந்திருந்தது. மேடையில் இரண்டு மாலை வைத்திருந்தார்கள். காக்கா வரவில்லை. "அவருக்குக் காய்ச்சல்" என்று நானே மைக்கில் சொன்னேன். இரண்டு மாலையையும் எனக்கே போட்டுவிட்டார்கள். வெளிநாட்டிலும் அந்தப் படத்துக்கு ஒரு பரிசு கிடைத்ததாம்.

பிறகு அவர் பழையபடி ஒரு துணிக்கடை வாசலில் மெசின் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நானும் தோணியை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். ஒருநாள் காற்சட்டைத் துணி ஒன்றை வாங்கிக்கொண்டு அவரிடம் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், துணி ஒரு சாட்டு. அவர் எழும்பி, கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து அளந்தார். "இடுப்புக் கூடிட்டு" என்றார். வேறொன்றும் பேசவில்லை. என் வாயும் திறக்கவில்லை. ஒரு கிழமை கழித்துப் போனபோது காற்சட்டை தயாராக மடித்திருந்தது. நன்றாகத் தைத்திருந்தார். அவ்வளவு பொருத்தமான காற்சட்டையை நான் போட்டதே இல்லை. கோபமுள்ளவன் இப்படித் தைப்பானா? இல்லை, தொழிலில் அவர் யாருக்கும் குறை வைப்பதில்லையா? இதை நான் பல மாதம் யோசித்திருக்கிறேன். வீதியில் கண்டால் தலையசைப்பார். நானும் அசைப்பேன். அப்படியே எட்டு வருடம்.

அடக்கத்துக்குப் போனேன். பள்ளிவாசல் முற்றத்தின் ஓரத்தில், வெயிலில், நான்கைந்து தமிழர்களோடு நின்றேன். இறந்தவருக்கான ஜனாஸாத் தொழுகைக்கு முன் ஒரு வழக்கம் உண்டு. மையித்து வைத்த சந்தூக்குப் பெட்டிக்குப் பக்கத்தில் மகன் நின்று, கூடியிருப்பவர்களிடம் கேட்க வேண்டும். ரியாஸ் கேட்டான். "வாப்பா உங்கள்ல யாருக்காவது சொல்லாலயோ செயலாலயோ பிழ செஞ்சிருந்தா, அல்லாஹ்வுக்காகப் பொருந்திக்கொள்ளுங்க." எல்லோரும் ஒரே குரலில் "பொருந்திக்கிட்டம்" என்றார்கள். பிழையைப் பொறுத்துவிட்டோம் என்று பொருள். என் பக்கத்தில் நின்ற தமிழர்களும் சொன்னார்கள். நான் சொல்லவில்லை. எனக்குச் சொல்ல வரவில்லை. அவர் எனக்கு என்ன பிழை செய்தார், நான் பொருந்திக்கொள்ள? கேட்க வேண்டியவன் நான், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் சந்தூக்கில் கிடக்கிறார். எல்லாம் தலைகீழாக நடப்பதுபோல இருந்தது.

மையவாடியில் மண் போட்டு முடிந்து சனம் கலைந்தபோது ரியாஸ் நேரே என்னிடம் வந்தான். கண் சிவந்திருந்தது.

"மாமா, எல்லாரும் சொன்னாங்க. நீங்க வாய் திறக்கல்ல. நான் உங்களத்தான் பாத்திட்டு நிண்டன். வாப்பா உங்களுக்கு என்ன செஞ்சிருந்தாலும் சொல்லுங்க, நாங்க தீர்த்துத் தாறம். ஒராள் பொருந்தல்லண்டாலும் அவருக்கு மறுமையில பாரம்."

"ஐயோ மகன், அவர் எனக்கு ஒண்டும் செய்யல்ல. நான்தான் அவருக்குச் செய்தன்" என்றேன். மையவாடி மதிலோரத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கண்டல் பற்றை, தேத்தண்ணிக் கடை, கமரா, தோணி கட்டும்போது அவர் சொன்னது. கடைசியில் நான் ஒரு பெரிய ஆள் செய்யக்கூடாத காரியம் ஒன்றைச் செய்தேன். அவன் கையைப் பிடித்துக் கேட்டேன்.

"நீ மூத்த மகன். வாப்பாட இடத்தில நிண்டு நீ சொல்லேலாதா, என்னைப் பொருந்திக்கிட்டண்டு?"

அவன் கையை இழுக்கவில்லை. "ஏலா மாமா" என்றான். "வாப்பாட மனசில என்ன இரிந்ததெண்டு எனக்குத் தெரியா. தெரியாமச் சொன்னா அதுவும் நடிப்புத்தான்." பிறகு, "ஆனா ஒண்டு. அந்தப் படம் எடுத்த வருசத்தில இரிந்து நோன்பு மாசத்தில நவாஸ் சாச்சாக்கும் துஆக் கேட்பாரு. மௌத்தானவங்களுக்குக் கேட்கிற துஆ. அதுக்கு முந்தி ஒரு நாளும் கேட்டதில்ல. அது நல்லதா கெட்டதா எண்டு எனக்குச் சொல்லத் தெரியா" என்றான்.

எனக்கும் தெரியவில்லை. இருபது வருடம் சுமந்ததை இறக்கிவைக்க நான் வழி செய்தேனா, அல்லது அவர் மூடி வைத்திருந்த கதவை உடைத்து உள்ளே இருந்த உயிரைக் கொன்றேனா? இரண்டும் ஒரே காரியமாக இருக்க முடியுமா? அந்தப் படம் நல்ல படம் என்று இப்போதும் சொல்கிறார்கள். பள்ளிக்கூடங்களில் போடுகிறார்கள். அதைப் பார்த்துப் பேசாதிருந்த இரண்டு குடும்பம் ஏறாவூரில் பேசத் தொடங்கியதாக ஒருவர் சொன்னார். நான் என்ன சொல்வது? நிறுத்துங்கள் என்றா?

"நீங்க உங்கட பக்கத்தச் சொல்லுங்க மாமா. அது உங்களிட்ட இரிக்கி" என்று ரியாஸ் கெஞ்சினான். தகப்பனைப் புதைத்துவிட்டு நிற்கிற பிள்ளை. உடனே சொல்லியிருக்கலாம். ஆனால் கேட்ட மாத்திரத்தில் சொல்லி ஒருமுறை நான் பட்டது போதும். எனக்கு அவர்மேல் உண்மையிலேயே ஒன்றும் இல்லையா என்று தேடிப் பார்த்தேன். இருந்தது. எட்டு வருடம் தலையை மட்டும் அசைத்தார். இரண்டு மாலையோடு என்னைத் தனியே மேடையில் நிற்க விட்டார். பட்டாசு வெடித்த அன்று எனக்காக ஒரு சின்னப் பொய் சொல்ல மறுத்தார். எல்லாம் உள்ளே அப்படியே கிடந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ரியாஸ் காத்துக்கொண்டு நின்றான். வெயில் மண்டையைப் பிளந்தது. பிறகு, "பொருந்திக்கிட்டன் மகன்" என்றேன். அவன் முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

டைலர் காக்காவை அறிந்தவர்களே, அவரிடமிருந்து நான் எதை வைத்திருக்கிறேன் என்று கேட்டால், கமராவுக்கு முன்னால் அந்தக் கேள்விக்கு அவர் எடுத்துக்கொண்ட நேரத்தைத்தான் சொல்வேன். அந்த நேரம் எதற்கு என்பது எனக்கு மையவாடி மதிலடியில், நானும் உள்ளே தேடிப் பார்த்தபோதுதான் விளங்கியது. அவர் என்னைப் பொருந்திக்கொண்டாரா என்று என்னிடம் கேட்காதீர்கள். ஓம் என்று அவர் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார் என்ற நினைப்பில்தான் நான் இருக்கிறேன்.